மாடு உட்பட ஒருவரும் சாகவில்லை

திண்டிவனத்தில் ஒரு மாடி வீடு. விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகும் சாலையில், தரையிலிருந்து கூரை வரைக்கும் டிவிடி அடுக்கிய கடை. இன்ஜினீயர் மகன், டீச்சர் மகள். இவ்வளவையும் கட்டியவன் நான். தொடங்கும்போது கையில் இருந்தது ஒரு பசை வாளியும் ஒரு பிரஷும். ஐந்தாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே சினிமா போஸ்டரில்தான். பெரிய எழுத்து முதலில், அடியில் இருக்கிற பொடி எழுத்து ஒரு வருஷம் கழித்து. "சவரிமுத்து உருப்பட மாட்டான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த என் சித்தப்பா, பிற்காலத்தில் என் கடையில் வரிசையில் நின்று படம் வாங்கிக்கொண்டு போனார். சித்தப்பா என்று பார்த்து முன்னால் கூப்பிடவில்லை. அந்த வரிசையையும் நான் கட்டியதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இதெல்லாம் சின்னது. பெரியது அந்த ஐந்து வரி.

விழுப்புரம் பக்கத்தில் படம் பார்க்கிற பிள்ளைகள் இன்றைக்குப் போனில் விமர்சனம் போடுகிறார்கள் அல்லவா? யாரோடு பார்க்கலாம், எந்த இடத்தில் எழுந்து போகலாம், பிரிண்ட் எப்படி, முடிவில் முகம் எப்படி இருக்கும், கடைசியில் 'சாவு: மாடு உட்பட இல்லை' என்று ஒரு வரி. கதையைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அதை வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படம் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஐந்து வரியும் என் கடையில், என் கையால், என் பசையில் ஒட்டியவை. இப்போது அதற்கு என் பெயர் இல்லை. அந்தப் பிள்ளைகள் நடத்துகிற சினிமாக் குழுவின் மலருக்குத்தான் இதை எழுதுகிறேன். "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கய்யா" என்று கேட்டார்கள். கொடுக்கிறேன். பெயர் விஷயத்தைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

முதலில் என் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்த என்னைத் திண்டிவனத்தில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கச் சேர்த்துக்கொண்டவர் நடேசன் மேனேஜர். ஒல்லியான மனிதர். எப்போதும் சலவைச் சட்டை, தோளில் ஈரத் துண்டு. அவரிடம் ஒரு வழக்கம். சந்தோஷமாக இருந்தால் 'டா' போடுவார். கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும். "சவரிமுத்து அவர்களே, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?" என்று அவர் கூப்பிட்டால் பீடா கடைக்காரன் கூட எனக்காகப் பரிதாபப்படுவான்.

படம் தொடங்கிப் பெயர் ஓடுகிற நேரத்தில் அவர் கதவைத் திறக்க விடமாட்டார். தாமதமாக வந்தவர் யாராக இருந்தாலும் வெளியேதான். ஒருநாள் ஊரில் செல்வாக்கான ஒருவர், கூடவே நாலு ஆட்கள், வாசலில் வந்து நின்றுகொண்டு சத்தம் போடுகிறார்.

"இன்னாப்பா இது, காசு குடுத்துட்டு வெளிய நிக்கணுமா? ஜல்தி கதவத் தொற!"

நான் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். மேனேஜர் வந்து என் கைமேல் கை வைத்தார். வந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "பேர் ஓடிக்கினு இருக்குதுங்க, நில்லுங்க. லைட்டு புடிச்சவன் பேரு இப்பதான் வரும். அவன் பொண்டாட்டி புள்ளைங்க எங்கனா ஒரு ஊர்ல உக்காந்து அதப் பாத்துக்கினு இருக்கும். நீங்க குறுக்கால தலைய நீட்டினா நல்லாவா இருக்கும்ங்க?"

அந்தப் பெரிய மனிதர் நின்றார். டைரக்டர் பெயர் தனியாக வந்து, இசை ஏறி அடங்கிய பிறகுதான் கதவு திறந்தது. "இப்ப போங்க, கதை ஆரம்பிக்குது" என்று டார்ச் அடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

இன்னொரு வேலையும் எனக்கு வைத்தார். புதுப் படம் வந்தால் முதல் காட்சி முடிகிற சமயம் நான் வெளிக்கதவு ஓரம் நிற்க வேண்டும். "வாயப் பாக்காத, காலப் பாரு" என்பார். படம் பிடித்திருந்தால் ஜனம் மெதுவாக நடக்கும், படிக்கட்டில் நின்று பேசும், சைக்கிள் ஸ்டாண்டில் சாவியைத் தேடுகிறாற்போல இன்னும் கொஞ்சம் பேசும். பிடிக்கவில்லை என்றால் பஸ் பிடிக்கிற வேகம். குழந்தை தோளில் தூங்குகிறதா, முழித்து ஆடிக்கொண்டு வருகிறதா என்பதும் கணக்கு. பார்த்துவிட்டு உள்ளே போய் அவரிடம் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் படத்தை இன்னும் ஒரு வாரம் ஓட்டுவதா, பெட்டியைத் திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வார்.

முதல் தடவை நான் போய், "ரெண்டு அண்ணன் தம்பிங்க சார், ஒருத்தன் சின்ன வயசுலயே காணாப் பூடறான்" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க கதை சொல்றீங்க" என்றார். மரியாதை! "டிக்கெட் வாங்கறவன் கதைய அவனே பாத்துக்குவான்ங்க. அத நீங்க சொன்னா அவன் காசு வீண். யாரு அழுதாங்க, யாரு தூங்கினாங்க, யாரு யார இட்டுக்கினு வந்தா நல்லாயிருக்கும்? அதச் சொல்லுங்க."

மறுபடியும் யோசித்து, "பொம்பளைங்க மூக்கச் சிந்திக்கினு வர்றாங்க சார், ஆனா சிரிச்சிக்கினே சிந்தறாங்க" என்றேன்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடேய்! இதாண்டா. இன்னும் மூணு வாரம் ஓடும்டா" என்றார். ஓடியது.

விமர்சனம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. மீதி என் மூளை.

கொட்டகை கல்யாண மண்டபமானது. நான் அழுதுகொண்டு உட்காரவில்லை. விழுப்புரத்துக்குப் போய் டிவிடி வாடகைக் கடை வைத்தேன். ஒரிஜினல் மட்டும்தான் வைப்பேன். சனிக்கிழமை சாயந்திரம் கடையில் நிற்க இடம் இருக்காது. ஆபீஸ்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், ஊர்ப்பக்கம் போகும் பஸ்ஸுக்கு முன்னால் ஓடி வருகிறவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில், "அண்ணா, இது எப்படிண்ணா?", "சவரி, இது பாக்கலாமா?" என்று கேட்டால் எனக்கு என்ன பத்து வாயா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காகிதத்தைச் சீட்டாக வெட்டினேன். ஒவ்வொரு டிவிடி கவரின் முதுகிலும் ஒன்று ஒட்டினேன். பசை போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தச் சீட்டுகள் கவர் கிழிந்தாலும் கிழியவில்லை.

படத்தை முழுக்கப் பார்க்காமல் சீட்டு எழுதமாட்டேன். கடையில் ஒரு சின்ன டிவி, ஒரு பிளேயர், ஒரு ஸ்டூல். கடைசிப் பெயர் ஓடி முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன், அது மேனேஜர் பழக்கம். பிறகு டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று பார்த்துக்கொள்வேன். அப்புறம்தான் பேனா. ஒரு சீட்டுக்கு நாலு வரி, இங்கே ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன்:

"முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்காது. மல்லாட்டை உரிக்க நல்ல படம்." (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர்.)

"மாப்பிள்ளை வந்திருக்கும்போது பார்க்கலாம். இரண்டாவது பாட்டுக்கு மட்டும் காபி போட எழுந்து போகவும்."

"சண்டை பிரமாதம். எதற்குச் சண்டை என்று கேட்க வேண்டாம்."

"பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி வீட்டில் போடவும். படம் முடிவதற்குள் பேசிவிடுவார்கள். சத்தம் கொஞ்சம் கம்மி, பிளேயரில் கூட்டிக்கொள்ளவும்."

இந்த நாலாவது சீட்டுக்காக ஒரு அம்மா எனக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு எந்த விமர்சகனுக்காவது முறுக்கு கிடைத்திருக்கிறதா? சொல்லுங்கள்.

அப்போது சீட்டில் நாலு வரிதான். ஐந்தாவது வரி வந்த கதை வேறு.

மண்டகப்பட்டிலிருந்து செல்வி என்று ஒரு பெண் வருவாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை. சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். ஒருநாள் வந்து கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, யாருமே சாவாத படம் ஒண்ணு குடுங்க."

"இன்னாம்மா விஷயம்?"

"எங்க மாமனாருக்கு இதய ஆப்ரேஷன் ஆயிருக்குது. படுக்கைய வுட்டு எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு இன்னான்னா, திரும்பிப் பாத்தா வயக்காட்டு மோட்டார் கொட்டாய்ல நிக்கறாரு. படம் போட்டாதான் ஒரு எடத்துல உக்கார்றாரு. ஆனா படத்துல எவனா செத்தா தேம்பித் தேம்பி அழுவுறாரு. அழுதா நெஞ்சு வலி. படம் போட்டாலும் பேஜாரு, போடாட்டியும் பேஜாரு. நான் இன்னா பண்றது?"

"இது ஒரு விஷயமாம்மா? நாளைக்கு வா" என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

அன்றைக்குக் கடை அலமாரியைக் குடைய ஆரம்பித்தவன்தான். தமிழில் படம் எடுக்கிறவர்கள் ஆளைக் கொல்லாமல் எடுக்கவே மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சண்டைப் படத்தை விடுங்கள். சிரிப்புப் படத்தை எடுத்தால், பெயர் ஓடுவதற்கு முன்னாலேயே கதாநாயகனின் அப்பாவை முடித்துவிடுகிறார்கள். காதல் படத்தில் நண்பன் போகிறான். சாமி படத்தில் ஆயிரம் பேர் போகிறார்கள். ஒரு படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, முடியப் போகிறது, நான் கை தட்டத் தயாராகிறேன், கிழவி ஒருத்தி ஆசீர்வாதம் பண்ணிவிட்டு அப்படியே சாய்கிறாள். "அடப் பாவி, உன்னை இப்ப யார் சாவச் சொன்னது?" என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். கடைக்கு வந்தவர் பயந்து வெளியே போய்விட்டார்.

சொன்ன நாள் தள்ளிப் போனது. செல்வி வந்து வந்து வெறுங்கையோடு திரும்பினாள். அங்கே கிழவர் கட்டிலை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கிறார். எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. கடைசியில் அலமாரியின் அடித்தட்டில் ஒரு குடும்பப் படம் கிடைத்தது. கிராமத்துக் கதை, சிரிப்பு, ஒரு கல்யாணம், ஒரு அறுவடைப் பாட்டு. தலைமுதல் கால்வரை பார்த்தேன். ஒரு மனிதன் சாகவில்லை. புதுச் சீட்டு வெட்டிப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "ஒருவரும் சாகவில்லை. பயமில்லாமல் பார்க்கலாம்."

அன்றைக்கே செல்வி வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் கடைக்கு முன்னால் டவுன் பஸ் நின்றது. செல்வி இறங்கினாள். நடையைப் பார்த்தேன். மேனேஜர் சொல்லிக்கொடுத்த கணக்கில் அது படம் பிடித்த நடை இல்லை. டிவிடியைக் கவுண்டரில் பொத்தென்று வைத்தாள்.

"நல்லா எழுதறீங்கண்ணா நல்லா! ஒருத்தரும் சாவலியா? அந்த மாடு?"

"எந்த மாடு?"

"எந்த மாடா? அறுவடப் பாட்டு முடிஞ்சதும் வண்டியோட பள்ளத்துல வுழுதே, அந்தச் செவல மாடு! எங்க மாமா நேத்தியிலேந்து பச்சத் தண்ணி பல்லுல படல. மூஞ்ச செவுத்துப் பக்கம் திருப்பிக்கினு படுத்துங்கிறாரு. ஊரே வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது, யாருக்கு இன்னா ஆச்சோன்னு!"

"மாடு ஆளாம்மா?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே?

"அத எங்க வூட்டுல வந்து கேளுங்க. வாங்க. இப்பவே வாங்க."

கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, டிவிடியையும் எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். படம் வாடகைக்குக் கொடுத்ததற்காக நோயாளியைப் பார்க்கப் போன கடைக்காரன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். வழி முழுக்க ஒரே நினைப்புதான். அந்த மனிதருக்கு ஏதாவது ஆனால், என் கையெழுத்தில் 'பயமில்லாமல்' என்று எழுதியிருக்கிறதே!

ஏழுமலை, அதுதான் கிழவர் பெயர், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். செல்வி, "மாமா, சீட்டு எழுதன ஆளு வந்திருக்காரு" என்றாள். மெதுவாகத் திரும்பினார். கண் இரண்டும் வீங்கிக் கோவைப் பழம்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாங்க."

"படத்த நீ பாத்தியா?"

"முழுசாப் பாத்தேங்க."

"மாடு வுழுந்தப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னேன். "டீ குடிச்சிக்கினு இருந்தேங்க."

"அதான்" என்றார். "உனுக்குத் தெரியல."

எழுந்து உட்கார்ந்தார். வேக வைத்த மல்லாட்டை ஒரு தட்டில் வந்தது. நான் இரண்டு உரித்தேன், அவர் கையும் தானாகத் தட்டுக்குப் போனது. நேற்றிலிருந்து சாப்பிடாதவர் உரித்துத் தின்பதைச் செல்வி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாட்டு நடையப் பாத்தியா நீ?" என்றார். "நடிக்குதுன்னு சொல்லுவியா அத? எங்கிட்ட இருந்துச்சி, அதே மாரி செவல. வண்டிய நான் ஓட்ட மாட்டேன், அதுவே இட்டுக்கினு போவும். விழுப்புரம் சந்தைக்குப் போனா நான் தூங்கிக்கினே வருவேன், வூட்டு வாசல்ல வந்து நின்னு ஒரு ஒதறு ஒதறும். எறங்கிக்கோடான்னு அர்த்தம்." சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு என்னை முறைத்தார். "இனிமே எழுதறதா இருந்தா மாடு, ஆடு, நாயி எல்லாத்தையும் சேத்து எழுது. மனுசன் மட்டுந்தான் சாவறானா?"

"சேத்துடறேங்க. இந்தப் படத்த எடுத்துக்கினு போறேன், வேற படம் தர்றேன்" என்று டிவிடியை எடுத்தேன்.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆப்ரேஷன் ஆனவர் பிடி மாதிரியா இருந்தது!

"எங்க எடுத்துக்கினு போற? வையி. அறுவடப் பாட்டு வரிக்கும் ஓட்டு. பாட்டு முடிஞ்சதும் நிறுத்திட்டு மறுபடியும் மொதல்லேந்து போடு."

செல்வி என்னைப் பார்த்தாள், நான் செல்வியைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிழவருக்கும் வந்தது. "இன்னா சிரிப்பு? போடுங்கடா படத்த!" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த மாடு சாகவே இல்லை. அறுவடைப் பாட்டோடு படம் முடிந்துவிடும். கிழவர் கட்டிலில் இருந்தபடியே தாளம் போடுவார், மோட்டார் கொட்டகையை மறந்தார், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் படுக்கையில் இருந்தார். அந்த டிவிடியை நான் திருப்பிக் கேட்கவே இல்லை. கடையில் இருந்த இன்னொரு பிரதியில் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன்: "அறுவடைப் பாட்டு முடிந்ததும் நிறுத்தவும். அதுவரை மாடு உட்பட ஒருவரும் சாகவில்லை."

அதுதான் ஐந்தாவது வரி. அதன்பிறகு எல்லாப் படத்தையும் மறுபடியும் பார்த்தேன், டீயைக் கீழே வைத்துவிட்டு. செல்வி மருந்துக் கடையில் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்கள் எல்லாம் "மாடு உட்பட இருக்குதாண்ணா?" என்று கேட்டுக்கொண்டு என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். நாய் வளர்க்கிற வீட்டுக்குத் தனிச் சீட்டு. கோழிச் சண்டை இருந்தால் அதையும் எழுதினேன்.

போன் வந்தது, டிவிடி போனது. கடையை ஜூஸ் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டேன். நல்ல வாடகை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படம் இப்போது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஒருநாள் என் மகள் போனில் ஒரு விமர்சனத்தைக் காட்டினாள். கடைசி வரி: 'சாவு: மாடு உட்பட இல்லை.' எழுந்து நின்றுவிட்டேன். மேலே தேடிப் பார்த்தால், 'விழுப்புரத்தில் யாரோ ஒரு பழைய கடைக்காரர் வைத்திருந்த முறை' என்று போட்டிருக்கிறது. யாரோவாம்!

அந்தக் குழுவை நடத்துகிற தினேஷ் என்கிற பையனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அந்த யாரோ நான்தான் பேசறேன்."

"அய்யா, வணக்கம்ங்கய்யா. இதுவரிக்கும் நாலு பேரு அப்படிச் சொல்லிட்டாங்க. தப்பா நெனச்சிக்காதீங்க, ப்ரூப் எதுனா இருக்குதுங்களா?"

"ப்ரூப்பா? மண்டகப்பட்டுல கட்டில்ல உக்காந்துக்கினு இருக்குதுப்பா. போயிப் பாரு. அறுவடப் பாட்டு முடிஞ்சதும் இன்னா நடக்கும்னு கேளு."

போயிருக்கிறான். ஏழுமலை இன்றைக்கும் நன்றாக இருக்கிறார், வயசு ஏற ஏறக் குரல்தான் பெரிதாகிறது. "அதுக்கப்புறம் இன்னா நடக்கும்? மறுபடியும் மொதல்லேந்து நடக்கும்!" என்று சொல்லி, பையனை உட்கார வைத்துப் பாட்டு முடியும் வரை பார்க்க வைத்துத்தான் விட்டாராம். தினேஷ் திரும்பி வந்து, "அய்யா, நீங்கதான்ய்யா!" என்று போனில் கத்தினான். குழு இனிமேல் மாதாமாதம் ஒரு படம் திரையிடப் போகிறது என்றும், முதல் படத்தை நான்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்றும் சொன்னான். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

பிறகு அழைப்பிதழ் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் குழுவின் ஐந்து வரி விமர்சன முறை'. அடியில், பொடி எழுத்தில், 'சிறப்பு விருந்தினர்: மூத்த ரசிகர் திரு. சவரிமுத்து'. போஸ்டரில் எழுத்துக் கற்றவன் நான். எந்த எழுத்து பெரியது, எந்த எழுத்து சின்னது என்று எனக்கா தெரியாது? ரசிகனாம். ரசிகன் பார்ப்பான். நான் செய்தவன்.

ஆகையால் தினேஷ் அவர்களே, குழுவில் உள்ள மற்றவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் போனால் போகட்டும். அன்றைக்கு உங்கள் படத்துக்கு முன்னால் திரையில் பெயர் ஓட வேண்டும். 'கதை சொல்லாதே' என்று சொன்னவர் நடேசன் மேனேஜர், அவர் பெயர் முதலில். பஸ் ஏறி வந்து சண்டை போட்ட செல்வி. மாட்டைச் சேர்க்கச் சொன்ன மண்டகப்பட்டு ஏழுமலை, கூடவே அவருடைய செவலை. டைரக்டர் பெயர் எப்போதும் கடைசியில் தனியாக வந்து கொஞ்ச நேரம் நிற்கும். அந்த இடம் எனக்கு. 'ஐந்து வரி: சவரிமுத்து, திண்டிவனம்.' போனில் நீங்கள் போடும் ஒவ்வொரு விமர்சனத்துக்கு அடியிலும் அதே போல.

அரங்கத்தின் கதவில் அன்றைக்கு நான்தான் நிற்கப் போகிறேன். கலெக்டரே வந்தாலும் சரி, நீங்களே வந்தாலும் சரி, தாழ்ப்பாளில் என் கை இருக்கும். மரியாதையாகத்தான் சொல்வேன்:

"பேர் ஓடணும்ங்க. நில்லுங்க."